‘மேல’ன்னா எந்த மேல?

பிரிஞ்சாங் டவுன்ல பாய் கடையில போன வாரம் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்து மேசையில இளவட்டப் பசங்க சில பேரு. யாரோ ஒரு சினிமா நடிகரோட தொந்தியை மேடையில ஒரு கோமாளி கிண்டல் பண்ணிட்டானாம். நடிகரு மானம் போயிடுச்சுன்னு கோர்ட்ல கேஸ் போட்டிருக்காராம். அதைக் கைபோன்ல பாத்துட்டு ஆளாளுக்கு வாதம். "என்னா இருந்தாலும் கிண்டலுக்கு ஒரு எல்லை வேணும் லா"ன்னு ஒருத்தன் பெரிய மனுசன் மாதிரி சொன்னான். மத்தவனுங்க தலையாட்டினானுங்க. பாதித் தேத்தண்ணியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

எல்லையாம். அந்த எல்லையை எவன் போடுறான்னு கேட்டானா அந்தப் பய? கிண்டல் பட்டவனே கோடு போட்டா அது எல்லையா, வேலியா? நான் முள்ளுக்கம்பி வேலிக்குள்ள குடும்பம் நடத்தினவ. எனக்கு எவனும் எல்லையைப் பத்திச் சொல்லித் தர வேணாம்.

அந்த நடிகரை எனக்குத் தெரியாது. ஆனா அவரு ஒரு விதத்துல யோக்கியமான ஆளு. கோர்ட்டுக்குப் போறவரு, "அந்தக் கிண்டல் என்னைப் பத்தினதுதான், அந்தத் தொந்தி என் தொந்திதான்"னு நாலு பேருக்கு முன்னால ஒத்துக்கணும். அப்பத்தான் கேஸ் நிக்கும். எங்க தேயிலைத் தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதின பெரிய கிராணிக்கு அந்த வெக்கம்கூட இல்லாம காரியம் முடிஞ்சிடுச்சு. வெள்ளைக்காரன் ஆட்சியில வந்த அவசரகாலம் அவனுக்கு அந்தச் சிரமத்தை மிச்சம் பண்ணிக் குடுத்துச்சு. கேஸ் வேணாம், வக்கீல் வேணாம், "அது நான்தான்"னு சொல்லவும் வேணாம். ஒரே ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னான். எம் புருசன் கைதிங்களை அடைக்கற காம்புக்குப் போயிட்டாரு.

எங்க வீட்டுக்காரரு கூத்துல பபூன் வேசம் கட்டுறவரு. மத்த நாள்ல தேயிலைச் செடியை மட்டமா வெட்டிவிடுற வேலை. யாரைப் பாத்தாலும் அவங்களோட நடை, இருமல், மூக்கு உறிஞ்சறது எல்லாம் அவரு உடம்புக்குள்ள போயிடும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்கப்பாவோட இருமலை அப்படியே இருமிக் காட்டினாரு. கூட வந்தவங்களுக்கு மூச்சே நின்னுடுச்சு. எங்கப்பா சிரிச்சுச் சிரிச்சு நெசமாவே இருமி, "இவனுக்குத்தான் பொண்ணு"ன்னுட்டாரு. அப்படிக் கட்டிக்கிட்டு வந்தவ நானு.

அந்தக் காலத்துல நாங்க வரிசை வீட்டுல குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி. ஒரே ஒரு கேட்டு, அங்க துப்பாக்கியோட காவல்காரனுங்க. வெள்ளைக்காரனோட சண்டை போட்டுக்கிட்டுக் காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்ட் ஆளுங்களுக்கு நாங்க சோறு குடுத்துடுவோமாம், அதனால கொழுந்து பறிக்கப் போறப்ப ஒரு பிடி சோறுகூட வெளிய போவக் கூடாது. கூடையைக் கவுத்துப் பாப்பான். தலைமுண்டாசை அவுத்துப் பாப்பான். மாராப்பை உதறச் சொல்லுவான். குளிர்ல மதியம் வரைக்கும் பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டு மலையேறி மலையிறங்கி பறிச்சோம். வயித்துல புள்ளையோட நானும் பறிச்சேன்.

ஆனா அதே கேட்டு வழியா அரிசி போவும், கோழி போவும், பால் டின்னு போவும். எங்க போவும்? மேல போவும்.

இந்த ‘மேல’ங்கறதைச் சொல்லிடணும், இல்லாட்டி ஒண்ணும் புரியாது. எங்க லயம் பள்ளத்துல. வேலிக்கு வெளிய, மேட்டுல பெரிய கிராணியோட வீடு. ஆபீஸ் கணக்கு, அரிசி பங்கு, ஆள் பதிவு எல்லாம் அவன் கையில. அவன் வீட்டை எவனும் கிராணி வீடுன்னு சொல்ல மாட்டான். ‘மேல’ன்னுதான் சொல்லுவோம். "மேல கூப்பிட்டாங்க." "மேலேர்ந்து ஆள் வந்துச்சு, கோழி கேக்குறாங்க." காட்டுக்குப் போனவனை நாங்க ‘உள்ள போயிட்டான்’னு சொல்லுவோம். ‘மேல போயிட்டான்’னா செத்துட்டான்னு அர்த்தம். இது எங்க லயத்துல தவழுற புள்ளைக்கும் தெரியும், கிராணிக்கும் நல்லாத் தெரியும்.

வருசா வருசம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூத்து நடக்கும். முன்னல்லாம் விடிய விடிய. அவசரகாலத்துல ஊரடங்கு இருந்ததால மத்தியானமே ஆரம்பிச்சு வெளிச்சம் இருக்கறப்பவே முடிச்சிடணும். வெயில்ல அரிதாரம் வழியும், ராசா மூஞ்சி பாதி ரோசு பாதி கறுப்பா நிப்பாரு. ஆனாலும் கூத்து கூத்துதான். அன்னைக்கு ஒரு நாள் பபூன் யாரை வேணாலும் கிண்டல் பண்ணலாம். கிண்டல் பட்டவங்க கடைசியில மேடைக்கு வந்து அவருக்கு ஒரு துண்டு போத்தணும். போத்திட்டா மனசுல ஒண்ணும் வச்சுக்கலன்னு அர்த்தம். எங்கப்பன் பாட்டன் காலத்திலேருந்து அதுதான் எங்க கோர்ட்டு, அதுதான் தீர்ப்பு.

அந்த வருசம் எங்க வீட்டுக்காரரு அரண்மனைச் சமையக்காரரா வந்தாரு. ராசா வேசம் கட்டினவரு தேயிலை ஸ்டோர்ல வேலை செஞ்ச அண்ணன் ஒருத்தரு, எங்க பக்கத்து வீடு. ராசா பசியோட வந்து உக்காந்தாரு.

"சோறு எங்கடா?"

"மேல போயிடுச்சு ராசா."

"கோழி அடிச்சியே, அந்தக் கோழி எங்கடா?"

"அதுவும் மேல போயிடுச்சு ராசா. அடிக்கறதுக்கு முந்தியே அதுவா நடந்து போயிடுச்சு. வழி பழகிப் போச்சு."

"அப்ப எனக்கு என்னாடா இருக்கு?"

"கஞ்சித் தண்ணி இருக்கு ராசா. அதையும் கேட்டுல மோந்து பாத்துட்டுத்தான் விட்டாங்க."

இதைச் சொல்லிட்டுப் பானையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தாரு பாருங்க. ஒரு கை முதுகுக்குப் பின்னால. அக்குள்ல ஒரு கட்டை, அது கொடையாம். சேத்துல மிதிச்சிடுவோமோங்கற மாதிரி குதிகாலைத் தூக்கித் தூக்கி வச்சு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு செருமல். பெரிய கிராணியை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. பேரைச் சொல்லல, பதவியைச் சொல்லல. சொல்லணுமா என்னா? பொம்பளைங்க முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு வயித்துல புள்ளை உதைச்சுச்சு.

கிராணி முன்வரிசையில நாற்காலியில உக்காந்திருந்தான். அவனும் சிரிச்சான். கூத்து முடிஞ்சதும் மேடையேறி எங்க வீட்டுக்காரரு தோள்ல துண்டு போத்தினான். "நல்லா பண்ணினடா"ன்னு முதுகுல தட்டினான். அம்மன் சிலைக்கு நேரா நின்னு தட்டினான் அந்தக் கட்டையில போறவன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில, ஆள் பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல, எங்க வீட்டுக்காரரைத் தனியா நிக்க வச்சுட்டாங்க. தானா ராத்தா டவுன்லேருந்து ஜீப்புல வெள்ளைக்காரப் போலீஸ் ஆபீசரு வந்திருந்தாரு. தோட்டத்துல காட்டுக்காரங்களுக்கு அரிசி போவுதுன்னும், அதைப் பபூன் மேடையிலேயே ஜம்பமாச் சொன்னான்னும் புகார். காட்டுக்கு அரிசி அனுப்பினா அந்தக் காலத்துல தூக்குகூட உண்டு. நிரூபிக்க முடியாட்டியும் பரவால்ல, சந்தேகம் இருந்தாலே காம்புல போட்டு அடைச்சிடலாம், எத்தனை வருசம்னு யாரும் கேக்க முடியாது.

விசாரணை எஸ்டேட் ஆபீசுல. உள்ள தோட்டத்தை நிர்வாகம் பண்ற வெள்ளைக்காரத் துரை, போலீஸ் ஆபீசரு, எங்க வீட்டுக்காரரு. பழைய துரைமாருங்க தமிழ் பேசுவாங்க. இந்தத் துரை புதுசு, வா, போ, சீக்கிரம் இந்த மூணுதான் தெரியும். அப்ப மொழிபெயர்த்துச் சொல்றது யாரு? பெரிய கிராணி. யாரை வச்சு அந்தக் கிண்டலோ அவனே மொழிபெயர்ப்பாளரு. இந்த அக்கிரமத்தை நான் எந்த ஊர்ல போய்ச் சொல்றது?

கூத்து பாத்தவங்களைச் சாட்சிக்குன்னு ஜன்னலுக்கு வெளிய நிக்கச் சொல்லியிருந்தாங்க. ராசா வேசம் கட்டின அண்ணனும் இருந்தாரு. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஆபீசரு கேட்டதைக் கிராணி தமிழ்ல கேட்டான். "அரிசி எங்க போவுதுன்னு கூத்துல சொன்னே?"

"மேல போவுதுன்னு சொன்னேங்க ஐயா."

கிராணி ஆபீசரு பக்கம் திரும்பி நீளமா ஏதோ சொன்னான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அந்த வருசங்கள்ல தோட்டத்துல இருந்த யாருக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியாம இருக்காது. ஜங்கிள். வேலி எதுக்குன்னா ஜங்கிள். சோத்தை ஏன் பிடுங்குறன்னா ஜங்கிள். அந்த வார்த்தை கிராணி வாயிலேருந்து வந்துச்சு. எம் புருசன் காடுன்னே சொல்லல, இவன் வாயில மட்டும் காடு எங்கேருந்து முளைச்சுச்சு?

அவருக்கும் காதுல விழுந்துடுச்சு. "ஐயா, ஜங்கிள் இல்லீங்க, நான் சொன்னது..."ன்னு ஆரம்பிச்சாரு.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு"ன்னான் கிராணி.

ஆபீசரு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி என்னமோ கேட்டாரு. கிராணி எழுந்து எங்க கிட்ட வந்தான். ரொம்ப மரியாதையா, தேன் ஒழுக, "மேலன்னா எந்த இடம்னு ஆபீசர் கேக்குறாரு. தெரிஞ்சவங்க சொல்லலாம்"னான்.

அவனுக்குத் தெரியும். மொத்த லயமும் சேந்து சிரிச்சப்ப ஒருத்தன் சிரிப்பு தனியாத் தெரியாது. இப்ப ஒரு ஆளு தனியா நின்னு, அவன் மூஞ்சியைப் பாத்து, "மேலன்னா நீங்கதான்"னு சொல்லணும். நாளைக்கு அவன்கிட்டதான் அரிசி வாங்கணும், அவன்கிட்டதான் பேரு குடுக்கணும். எவன் சொல்லுவான்? எல்லாரும் தரையைப் பாத்தாங்க. கூத்து மேடையில "கோழி எங்கடா"ன்னு குரலை உசத்தின ராசா, கால் கட்டைவிரலைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

நான் சொன்னேன். "மேலன்னா உங்க வீடு, கிராணி ஐயா. எங்க கோழி உங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. போன மாசம்கூட நானே கொண்டாந்து குடுத்தேன், உங்க வீட்டம்மா வாங்கி வச்சாங்க."

கிராணி உள்ள திரும்பி ஆபீசருகிட்ட ரெண்டு வார்த்தை சொன்னான். அதுல ஒண்ணு ‘சாரி’. ஆபீசரு என்னைப் பாவமாப் பாத்துத் தலையாட்டினாரு.

சாரின்னா என்னான்னும் எனக்குத் தெரியும். துரை பொண்டாட்டி தெரியாம நம்ம காலை மிதிச்சா சொல்ற வார்த்தை. நான் மன்னிப்பு கேக்குறேனாம். எம் புருசன் தப்பு பண்ணிட்டாரு, நான் புள்ளைத்தாச்சி கெஞ்சுறேனாம். எம் வாயாலேயே எம் புருசனுக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சுட்டான். "நான் கெஞ்சல, நோ சாரி, நோ சாரி"ன்னு கத்தினேன். காவல்காரன் எம் தோளைப் பிடிச்சு ஜன்னல்லேர்ந்து பின்னால இழுத்தான், நான் உதறிட்டு மறுபடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். கத்துறதைப் பாத்தா அவங்களுக்கு அழுகிற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

அப்ப துரை ஒண்ணு சொன்னாரு. கிராணி மூஞ்சி மாறுச்சு. சொல்ல மனசில்லாம சொன்னான். "அன்னைக்குச் செஞ்சதை இங்க செஞ்சு காட்டணுமாம்."

எங்க வீட்டுக்காரரு ஜன்னல் பக்கம் என்னைத் தேடிப் பாத்தாரு. அப்புறம் நடந்தாரு. பானை இல்ல, அரிதாரம் இல்ல. ஆபீஸ் பலகைத் தரையில ஒரு கை பின்னால, அக்குள்ல கொடை இல்லாத கொடை, குதிகால் தூக்கல், அடிக்கொரு செருமல். உயிருக்குப் பயந்த மனுசன் நடந்த மாதிரியே இல்ல. மேடையில நடந்ததைவிட நல்லா நடந்தாரு.

துரைக்கு வாயில வச்சிருந்த புகையிலைச் சுங்கான் விழப் பாத்துச்சு. சிரிப்புன்னா சிரிப்பு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. சுங்கானை நீட்டிக் கிராணியைக் காட்டினாரு. ஆபீசரும் பாத்தாரு, அவருக்கும் அடக்க முடியல. அந்த நடைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கல. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. புரிஞ்சு போச்சு அவங்களுக்கு, இனிமே எவன் என்னா பொய் சொன்னாலும் எடுபடாதுன்னு நெனச்சேன். மாரியாத்தாளுக்குக் கோழி நேந்துக்கிட்டேன்.

துரை சிரிச்சுக்கிட்டே கிராணியை ஒண்ணு கேட்டாரு. விரலு அவன் நெஞ்சைக் காட்டுச்சு. ‘அது நீயா’ன்னு கேக்குறாருன்னு பச்சைப் புள்ளைக்கும் புரியும். கிராணி பல்லைக் காட்டி, தலையை ரெண்டு பக்கமும் ஆட்டினான். நோ சார்.

ஆபீசரு கண்ணைத் தொடச்சாரு. சிரிப்பு இன்னும் உதட்டுல இருந்துச்சு. அதோடவே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாரு.

கிராணி எங்க வீட்டுக்காரருக்குத் தமிழ்ல சொன்னான். "துரைக்கு உன் நடிப்பு ரொம்பப் பிடிச்சிருக்காம். ஆனா இந்த மாதிரி விசயத்துல அவங்க சந்தேகத்துக்கு எடம் குடுக்க முடியாதாம்." இது ஒண்ணைத்தான் அன்னைக்கு அவன் ஒழுங்கா மொழிபெயர்த்திருப்பான்னு நெனைக்கிறேன்.

என்னால மன்னிக்க முடியாதது அந்தக் கையெழுத்தைக்கூட இல்ல, அந்தச் சிரிப்பை. புரியாம அனுப்பியிருந்தா முட்டாப் பசங்கன்னு விட்டிருப்பேன். புரிஞ்சுது. ரசிச்சாங்க. ஒரு ஏழை மனுசன் நடந்து காட்டினதைச் சீட்டு வாங்காமப் பாத்து வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, அவனையே லோரியில ஏத்தினாங்க. தாப்பா ரோட்டுல ராணுவ வண்டிங்க முன்னும் பின்னும் போவ, நடுவுல போச்சு அந்த லோரி. நான் பின்னால கொஞ்ச தூரம் ஓடினேன். வயிறு கனத்துப் போச்சு, ரோட்டோரம் உக்காந்துட்டேன்.

மக பொறந்தா. அவ நடந்து, ஓடி, பேசக் கத்துக்கிட்ட பிறகுதான் அவரு திரும்பி வந்தாரு. குற்றம் ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டாங்களாம். என்னா பெரிய மனசு பாருங்க. வாசல்ல நின்ன மனுசனைப் பாத்து எம்மவ கதவுக்குப் பின்னால ஓடி ஒளிஞ்சா. வேற அப்பனா இருந்தா ஒரு கோணங்கி காட்டி இழுத்திருப்பான். ஊரையே சிரிக்க வச்சவரு சும்மா நின்னாரு.

அதுக்கப்புறம் அவரு கோவமாப் பேசினதில்ல, கிண்டலாவும் பேசினதில்ல. ‘மேல’ங்கற வார்த்தை அவரு வாயில வரவே இல்ல. பலகையில இருக்கற டப்பா வேணும்னா கையைக் காட்டுவாரு. எது, எங்கன்னு நான் வேணும்னே கேப்பேன். கேட்டு வம்பு பண்ணுவேன். அவரு காட்டின கையை இறக்காம நிப்பாரு. நானே எடுத்துக் குடுத்துட்டு அடுப்படியில போய்த் தனியாத் திட்டுவேன், யாரைத் திட்டுறேன்னே தெரியாம. அடுத்த திருவிழாவுக்கு, பபூன் இல்லாம கூத்து சப்புன்னு இருக்குன்னு கிராணி ஆள் அனுப்பினான். "தொண்டை சரியில்லைங்கன்னு சொல்லிடுங்க"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

அவரு செத்தப்ப வேலி இல்ல, அந்தத் துரை இல்ல, கிராணியும் எப்பவோ போய்ச் சேந்துட்டான். கோலா தெர்லாவிலேருந்து, திரிங்காப்பிலேருந்தெல்லாம் பழைய ஆளுங்க வந்திருந்தாங்க. ராசா வேசம் கட்டின அண்ணனும் வந்தாரு. பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அந்தக் கூத்தை எடுத்து விட்டாரு. "கோழி எங்கடான்னு நான் கேக்குறேன், அடிக்கறதுக்கு முந்தியே அதுவா நடந்து போயிடுச்சுங்கறான்." சாவு வீடே சிரிச்சுச்சு. எம்மவகூடக் கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சா. "கிராணியோட கோழிப் பைத்தியம் ஊருக்கே தெரியும்ல"ன்னாரு அண்ணன்.

எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ. "அண்ணே, அன்னைக்கு ஆபீஸ் ஜன்னல்கிட்ட என் பக்கத்துலதானே நின்னீங்க. மேலன்னா எதுன்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

சிரிப்பு நின்னு போச்சு.

"தெரியும் தங்கச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

அவரு எங்க வீட்டுக்காரரு காலைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "கேட்டது கிராணியாச்சே, தங்கச்சி. துரை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"துரைக்குத் தமிழ் தெரியாதேண்ணே"ன்னேன்.